மாடியில மட்டும்தான் சிக்னல்

கையெழுத்தா? அந்தப் பேச்சை மட்டும் எடுக்காதீங்க தம்பி. மத்தபடி உக்காருங்க, வரக்காப்பி போட்டுத் தர்றேன். நம்ம தோட்டத்துக் கொட்டைதான், வறுத்து அரைச்சது. செருப்பு கிடக்கட்டும், பரவாயில்ல. கீழ உக்கார்றவங்களுக்கு அந்தச் சட்டம் கிடையாது, மாடி ஏறுறவங்கதான் கழட்டணும். அந்தா பாருங்க, படிக்கட்டு ஓரமா ஜோடி ஜோடியா வரிசை புடிச்சுக் கிடக்குல்ல? நான் பழக்கினது.

உங்களுக்கு முந்தி உங்க கம்பெனிலருந்து ரெண்டு பேரு வந்தாக. முதல்ல வந்தவருகிட்ட, டவர் வச்சா குருவி செத்துப்போகும்னேன். அடுத்து வந்தவருகிட்ட, இடி இறங்கும்னேன். ரெண்டு பேரும் என்னமோ சொல்ல வந்தாக, நான் எங்க பேச விட்டேன்? நீங்க வர்றதா தலையாரி சொன்னதுலருந்து உங்களுக்கு என்ன சொல்லலாம்னு யோசிக்கிறேன், ஒண்ணும் சிக்கல. உங்க முகமும் நல்ல பிள்ளை முகமா இருக்கு. அதனால உள்ளதைச் சொல்லிடறேன். என் மேட்டுக்காட்டுல நீங்க டவரை நட்டா ஊரெல்லாம் சிக்னல் வந்துரும். ஊரெல்லாம் சிக்னல் வந்தா என் மாடியில காலேஜ் நடக்காது. அவ்வளவுதான் விஷயம்.

காலேஜுதான் தம்பி. சிரிக்காதீங்க. காது கொடுத்துக் கேளுங்க, மேல ஒருத்தர் கணக்கு நடத்துறாரு, ஒருத்தர் வரலாறு நடத்துறாரு, கேக்குதா? ரெண்டும் கலந்துதான் கேக்கும். எனக்கும் இப்ப எல்லாம் கலந்துதான் தெரியும்.

நான் கண்டக்டர் செல்லக்கண்ணு. மலையில எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். வத்தலக்குண்டுலருந்து இங்க ஏறுற வண்டியில ஆயுசுல பாதியைக் கழிச்சவன். நான் விசில் அடிச்சாத்தான் வண்டி நகரும். டிரைவர் எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் சரி, ஒரு விசில் நிறுத்து, ரெண்டு விசில் போ. நான் ரிட்டயர் ஆக வேண்டிய மாசத்துலதான் இந்தக் கொரோனா வந்துச்சு. பஸ்ஸை நிறுத்திட்டாக. கடைசி ட்ரிப்புக்கு மாலை போடுவாக, வண்டிக்கு வாழை கட்டுவாக, எல்லாருக்கும் லட்டு குடுப்பாக. எனக்கு ஒண்ணும் நடக்கல. வீட்டுல உக்காந்துக்கிட்டே ரிட்டயர் ஆயிட்டேன். அதுல எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல. சும்மா சொன்னேன்.

வீட்டுக்காரி சரோஜா, மருமகளுக்குப் பிரசவம்னு கோயம்புத்தூர் போனவ, அங்கயே மாட்டிக்கிட்டா. அப்புறம் பஸ் விட்டாக, ரயில் விட்டாக, ஆனாலும் அவ வரல. பேத்தி கையை விட்டு இறங்க மாட்டேங்குதாம். என்னைத்தான் அங்க வரச் சொல்றா. நான் எப்படிப் போறது? காலேஜை யாரு பாத்துக்கிறது?

எப்படி ஆரம்பிச்சுச்சுன்னா, ஒரு நாள் காலையில காப்பி குடிச்சுக்கிட்டிருக்கேன், தலைக்கு மேல தடதடன்னு சத்தம். குரங்குன்னு நினைச்சு கம்பை எடுத்துக்கிட்டு ஏறினேன். பாத்தா தண்ணித் தொட்டி மேல ஒரு பய ஒத்தக்காலுல நிக்கிறான். கை வானத்தைப் பாத்து இருக்கு. "யெஸ் சார், யெஸ் சார், இருக்கேன் சார்"னு கத்துறான். பேய்தான் புடிச்சிருச்சுன்னு பக்கத்துல இருந்த தண்ணியை எடுத்து மூஞ்சியில ஊத்திட்டேன். பாவம், அட்டெண்டன்ஸ் குடுத்துக்கிட்டிருந்திருக்கான். ஈச்சமடை யுவராஜா. மூணு நாளா சிக்னல் தேடி மலை பூரா அலைஞ்சு, கடைசியில என் தொட்டி மேல கண்டுபுடிச்சிருக்கான். வீடு முகட்டுல இருக்கா, கீழ சமவெளி நேரா தெரியும். அதான் காரணம்னாங்க.

ஒருத்தன் கண்டுபுடிச்சா போதாதா? மறுநாள் நாலு பேரு. அடுத்த வாரம் மாடி கொள்ளல. எல்லாம் கீழ டவுன் காலேஜுல படிக்கிற பிள்ளைக. ஒண்ணு கைப்புடிச்சுவருல உக்காந்திருக்கு, ஒண்ணு தொட்டியைக் கட்டிப் புடிச்சிருக்கு. ஏறுறதும் இறங்குறதுமா ஒரே கூச்சல். எனக்குப் பொறுக்குமா? பெட்டியைத் திறந்து விசிலை எடுத்தேன். ஒரே ஊது. அத்தனையும் கப்சிப். "படியில நிக்காத, உள்ள போ, உள்ள போ! முன்னாடி பூரா காலியா கிடக்கு!" வாய் தானா சொல்லிருச்சு தம்பி. எத்தனை மாசமாச்சு அதைச் சொல்லி.

அப்புறம் இடம் பிரிச்சுக் குடுத்தேன். வடக்கு மூலை வரலாறு, தெற்கு மூலை கணக்கு, தொட்டியடி காமர்ஸ், படி வாசல் பக்கம் மத்த எல்லாம். மழைக்குத் தார்ப்பாய் இழுத்துக் கட்டினேன். சார்ஜ் போட நீளமா ஒயர் இழுத்து பிளக் பாயிண்ட் வச்சேன். காலையில வகுப்பு ஆரம்பிக்க ரெண்டு விசில், இடைவேளைக்கு ஒரு விசில். முதல்ல கீழ டவுன்ல இருக்கிற வாத்தியாரெல்லாம் பயந்துட்டாக. "யாருப்பா அங்க விசில் அடிக்கிறது, போலீஸா?"ன்னு கேட்டாக. இப்ப கணக்கு வாத்தியாரு மேகநாதன் சார், விசில் வரலைன்னா பாடமே ஆரம்பிக்கிறதில்ல. "உங்க கண்டக்டர் இன்னும் எந்திரிக்கலையா?"ன்னு கேக்குறாரு. அவருக்கும் எனக்கும் நல்ல பழக்கம். நேர்ல பாத்ததில்ல.

இந்த ஆன்லைன் படிப்பைப் பத்தி ஊருக்கு ஊரு திட்டுறாக. பிள்ளைக கெட்டுப்போச்சுன்றாக. என்கிட்ட வந்து கேக்கச் சொல்லுங்க. யுவராஜாவையே எடுத்துக்கோங்க. கல்லூரியில பெஞ்சுல நிமிந்து உக்காந்து கேட்டா அவனுக்கு மண்டையில ஏறாதாம். இங்க பையைத் தலைக்கு வச்சு, காலை நீட்டி, கண்ணை மூடிக் கேக்குறான். அப்படி ஒரு கவனம். சில நேரம் பாடம் முடிஞ்சு எல்லாரும் இறங்கின பிறகும் கேட்டுக்கிட்டே இருப்பான், நான்தான் உசுப்பி விடுவேன்.

பிள்ளையார் வளைவு பிரவீனும் வேங்கைப்பாறை கௌசல்யாவும் அதுக்கும் மேல. அவன் வரலாறு, அவ காமர்ஸ். பாவம், பிரவீனோட இயர்போன் உடைஞ்சு போச்சு. கௌசல்யா தங்கமான பிள்ளை, அவளோடதுல ஒரு பக்கத்தை அவனுக்குக் குடுத்துருச்சு. அதனால பாருங்க, அவ வகுப்பை அவன் கேக்குறான், அவன் வகுப்பை அவ கேக்குறா. ஒரே நேரத்துல ரெண்டு பட்டம்! அந்த மாதிரிப் படிப்பு வெறி நான் பாத்ததில்ல. புது இயர்போன் வாங்கித் தர்றேன்னு சொன்னேன், வேண்டவே வேண்டாம்னுட்டான். சிக்கனமான பய. சுறுசுறுப்பும் அதிகம். போன மாசம் பிள்ளையார் வளைவுல காதுல போனை வச்சுக்கிட்டு தனியா நின்னு பேசிக்கிட்டிருந்தான். அங்கதான் சிக்னல் கிடையாதே, யாருகிட்டடா பேசுறன்னேன். "பேச்சுப் போட்டிக்குப் பழகுறேன் மாமா"ன்னான். போனைக் காதுல வச்சுக்கிட்டுப் பேசினா கூச்சம் போகுமாம். எப்படி யோசிக்கிறாங்க பாருங்க.

ஒழுக்கமும் உண்டு. இறங்குறப்ப படிக்கட்டுக்கு வர்றதுக்கு முந்தியே எல்லாரும் போனை ஆஃப் பண்ணிருவாக. ஒருத்தர் விடாம. பொங்கலுக்கு அப்புறம் தொடங்கின பழக்கம். சார்ஜ் மிச்சம்னு சொன்னாக. நான் சொல்லாமலே செஞ்சாக, அதான் விசேஷம்.

இவங்களுக்காக நான் டவரை வேண்டாங்கல தம்பி. இவங்க எங்க உக்காந்தாலும் படிச்சுருவாக. நான் சொல்ல வந்தது நாகஜோதியைப் பத்தி.

கோம்பைக்காலனிப் பிள்ளை. கணக்கு எடுத்துப் படிக்குது. தெற்கு மூலையில தரையில சாக்பீஸ்ல கணக்குப் போடும். போட்டுப் போட்டு மாடியில பாதியை நிரப்பிரும். அதைக் குறிச்சு எடுக்கிறதுக்கு முந்தி நான் கூட்டிறக் கூடாது. ஒரு தடவை தெரியாமக் கூட்டிட்டேன். அழும்னு பாத்தா, "பரவாயில்ல மாமா, தப்பாத்தான் இருந்துச்சு"ன்னு சொல்லிட்டு மறுபடி முதல்லருந்து போட்டுச்சு. அப்புறம் நான் அந்தப் பக்கம் விளக்குமாத்தோட போறதே இல்ல. மழைச்சாரல் அடிச்சா ஓடிப்போய் சாக்கை விரிச்சு மூடுறேன், எனக்கு ஒரு எழுத்துப் புரியாது, ஆனாலும் மூடுறேன்.

அந்தப் பிள்ளை முதல்ல இங்க வரல. ரேஷன் கடையில பாத்தப்ப, ஏம்மா நீ மட்டும் வர்றதில்லன்னு கேட்டேன். "சிக்னலுக்காக வீட்டுக்குப் பின்னால பாறை மேல உக்காருவேன் மாமா. ஆனா அப்பா பாக்குற இடம் அது"ன்னுச்சு. பாத்தா என்னன்னேன். "காதுல வயரை மாட்டியிருந்தா நான் சும்மா உக்காந்திருக்கேன்னு நினைக்கிறாக மாமா. தண்ணி எடு, ஆட்டை ஓட்டு, தம்பியைப் பாத்துக்கோ. கழட்டி வச்சுட்டுப் போயிட்டு வந்தா வகுப்பு போயிருது"ன்னு சொல்லுச்சு. சொல்லிட்டுச் சிரிச்சுச்சு வேற. பரீட்சைக்குப் போகலைன்னா கல்யாணத்தைப் பேசி முடிச்சிருவேன்னு அப்பன்காரன் சொல்லியிருக்கான். பரீட்சைக்குப் போகணும்னா படிக்கணும். படிக்கிறதுக்கு உக்காரணும். உக்காந்தா வேலை. நீங்க இஞ்சினியரு, நீங்களே சொல்லுங்க, இது எந்த ஊரு நியாயம்?

நான் நேரா கோம்பைக்குப் போனேன். அவ அப்பன் கருத்தபாண்டி, என் வண்டியில சின்ன வயசுலருந்து ஏறினவன். நான் சொன்னா மதிப்பான். போனதும், "கருத்தபாண்டி, காலேஜ் என் மாடியில நடக்குது. உன் மக மட்டும் வரல"ன்னேன்.

"காலேஜைத்தான் மூடிட்டாகளே"ன்னான்.

"கட்டடத்தைத்தான் மூடியிருக்காக. காலேஜு நம்ம வீட்டுல நடக்குது. விசில் அடிச்சுத்தான் ஆரம்பிப்போம். அட்டெண்டன்ஸ் உண்டு. லேட்டா வந்தா ஏத்த மாட்டோம்."

விசில்னதும் கொஞ்சம் யோசிச்சான். "வீட்டுல உக்காந்திருக்கிறவளுக்கு வேலை சொல்லாம யாருக்குச் சொல்ல? ஆனா காலேஜுக்குப் போறேன்னா போகத்தான் வேணும்"னான். நல்லவன்தான் தம்பி. காலேஜுன்னா காலையில கிளம்பிப் போற இடம்னு மனசுல இருக்கு. வீட்டுக்குள்ள அது எப்படி வரும்னு அவனுக்குத் தெரியல. அப்புறம் கடைசியா ஒண்ணு கேட்டான் பாருங்க, அதுதான் இன்னைக்கு வரைக்கும் என் காதுல நிக்குது. "சிக்னல் உங்க மாடியில மட்டும்தான் கிடைக்குதா, கண்டக்டரே?"

"மாடியில மட்டும்தான்"னேன். பாறை மேல கிடைக்கிறதை நான் வாயில எடுக்கல.

"அப்ப போயிட்டு வரட்டும். இங்க கிடைச்சா இங்கயே இருந்துக்கலாம்ல, அதான் கேட்டேன்"னான்.

இப்பப் புரியுதா தம்பி? நீங்க டவரை நட்டா கருத்தபாண்டி என்ன சொல்லுவான்? எனக்காகன்னா நான் கவலைப்படவே மாட்டேன். இவங்க வரலைன்னா எனக்கு நிம்மதி. காப்பிப் பாத்திரம் கழுவ வேண்டாம், மாடி கூட்ட வேண்டாம், ஞாயித்துக்கிழமை எப்படி இருக்கேனோ அப்படி இருந்துக்குவேன். ஞாயித்துக்கிழமை என்ன செய்வீங்கன்னு கேக்காதீங்க. ஒண்ணும் செய்ய மாட்டேன். விசிலைத் துடைச்சு வைப்பேன்.

காப்பி ஆறுது, குடிங்க.

போன மாசம் ஒரு கூத்து நடந்துச்சு. எல்லா வாத்தியாரும் ஒரே நாள்ல ஒரே கேள்வியைக் கேட்டாக. அடுத்த வருஷத்துலருந்து சில பாடத்தை முழுக்க முழுக்க ஆன்லைன்லயே வச்சுரலாமான்னு பல்கலைக்கழகத்துல யோசிக்கிறாகளாம். கொரோனா போனாலும் சரி, காலேஜ் திறந்தாலும் சரி. அதுக்குப் பிள்ளைக தயாரான்னு ஒவ்வொருத்தரா கேக்கச் சொல்லியிருக்காக. யுவராஜா படுத்த வாக்குலயே, "ரொம்ப ரொம்பத் தயார் சார்"ன்னான். பிரவீனை அவன் வாத்தியாரு கேட்டாரு, "ஆயுசு பூரா தயார் சார்"ன்னான். கௌசல்யாவை அவ வாத்தியாரு கேட்டாரு, அதுவும் அதையேதான் சொல்லுச்சு. சொல்லி வச்ச மாதிரி ஒரே பதில். ரெண்டும் ஒரே இயர்போன்ல கேட்டுக் கேட்டுப் புத்தியும் ஒண்ணாயிருச்சு.

நாகஜோதி முறை வந்துச்சு. மேகநாதன் சார் கேட்டாரு. அது, "வீட்டுலன்னா தயாரில்ல சார். மாடியிலன்னா தயார்"ன்னுச்சு.

"போன் இருக்காம்மா?"

"இருக்கு சார்."

"நெட்டு போட்டிருக்கியா?"

"போட்டிருக்கேன் சார்."

"ஆன்லைன்ல பாடம் புரியுதா?"

"நல்லா புரியுது சார். திரும்பத் திரும்பப் போட்டுக் கேக்கலாம். காலேஜுல அப்படிக் கேக்க முடியாது."

"அப்புறம் என்னம்மா? எல்லாம் இருக்கே."

"இடம் இல்ல சார். வீட்டுல நான் இருக்கேன், மாணவி இல்ல."

மேகநாதன் சார் கையில இருந்த படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. அப்புறம் மெதுவா, "அதுக்கு இதுல கேள்வியே இல்லையேம்மா"ன்னாரு. சரின்னு சொல்லுச்சு பிள்ளை. மறுபடி சாக்பீஸை எடுத்துச்சு. எனக்கு அன்னைக்குப் பூரா சாப்பாடு இறங்கல. பல்கலைக்கழகத்துல இருக்கிறவங்க எவ்வளவு படிச்சவங்க, இந்தக் கேள்வி ஒண்ணு தோணலையே. அன்னைக்குத்தான் முடிவு பண்ணினேன், யாரு வந்தாலும் கையெழுத்து...

ஐயையோ! உங்க போனா அடிக்குது? அமுக்குங்க தம்பி, அமுக்குங்க! சத்தம் மேல கேக்கும்! எடுத்துப் பேசாதீங்க... சரி, பேசணும்னா அந்த அடுப்படிக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டுப் பேசுங்க. மெதுவா.

பேசியாச்சா? உக்காருங்க. மேனேஜரா? இருக்கட்டும். பாத்துட்டீங்க, இனி மறைச்சு என்ன? ஆமா தம்பி, கீழயும் சிக்னல் வருது. பொங்கல் அன்னைக்கு வந்துச்சு. அடுப்புல பால் பொங்குது, பக்கத்துல போன் அலறுது. அடுப்படியில இந்த வீட்டுல போன் அடிச்சதே கிடையாது. கையில கரண்டியோட ஒரே ஓட்டமா மாடிக்கு ஓடி அங்க நின்னு எடுத்தேன். சரோஜாதான். "என்னங்க இப்படி மூச்சு வாங்குது, உடம்புக்கு என்ன"ன்னா. அன்னையிலருந்து வகுப்பு நேரத்துல போனைத் துண்டுல சுத்தி அரிசி டிரம்முக்குள்ள வச்சிருவேன். அவ கூப்பிட்டா துண்டோட மாடிக்கு ஓடுவேன். எனக்கு இளைப்பு நோய் வந்துருச்சுன்னு கோயம்புத்தூர்ல டாக்டரைப் பாத்து வச்சிருக்கா.

இதைப் பொய்னு சொல்லாதீங்க. பிள்ளைக யாரும் கேக்கல, நான் சொல்லல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கேக்காம இருக்கத்தான் அரிசி டிரம்மு. கீழ சிக்னல் வருதுன்னு தெரிஞ்சா, எதுக்கு இவ்வளவு தூரம் ஏறிக்கிட்டுன்னு ரோட்டோரம் ஒண்ணு, டீக்கடையில ஒண்ணுன்னு பிரிஞ்சு போயிரும். நாகஜோதி எங்க போகும்? அதுக்காகத்தான். முழுக்க முழுக்க அதுக்காகத்தான்.

என்ன தம்பி? நீங்க என்னமோ சொல்ல வர்றீங்க, நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டிருக்கேன். சொல்லுங்க.

எந்த டவரு? எதுத்த மலையிலயா? பொங்கலுக்கு முந்துன நாளா போட்டீங்க? அட, நான் மாடியில நின்னு பாத்தப்ப அது கோயில் கொடிமரம்னுல்ல நினைச்சேன்.

சரி. அதனாலதான் என் அடுப்படியில வருதுன்றீங்க. புரியுது. அப்படின்னா வேற எங்கெல்லாம் வருது? இந்தப் பக்கம் பூராவுமா? பூராவும்னா? இருங்க, நான் ஸ்டாப் ஸ்டாப்பா கேக்குறேன், நீங்க ஆமா இல்லைன்னு மட்டும் சொல்லுங்க.

பிள்ளையார் வளைவு?

ஆமாவா? அப்ப அந்தப் பிரவீன் பய... பேச்சுப் போட்டி... அட களவாணிப் பயலே. யாருகிட்டடா பேசிக்கிட்டிருந்த? இருக்கட்டும், அதை அப்புறம் கேட்டுக்கிறேன்.

வேங்கைப்பாறை? ஆமா. ஈச்சமடை? அது பள்ளத்துலல்ல இருக்கு, அங்க எப்படி? அங்கயும் நல்லா வருதா? யுவராஜா அவன் கட்டில்லயே படுத்துக் கேக்கலாமே தம்பி. எதுக்கு இந்தப் பனியில பையைத் தூக்கிக்கிட்டு ஏறி வந்து சிமெண்ட் தரையில படுக்கிறான்?

கோம்பைக்காலனி?

நிசமாவா? நல்லா பாத்துச் சொல்லுங்க. வீட்டுக்குள்ளயே வருமா? பாறை மேலகூட ஏற வேண்டாமா? பொங்கல்லருந்தா?

இருங்க தம்பி. ஒரு நிமிசம் இருங்க.

அப்ப அந்தப் பிள்ளைக்குத் தெரியும். தெரியாம எப்படி இருக்கும், கணக்குப் படிக்கிற பிள்ளை. அதான் படியில இறங்குறப்பவே போனை ஆஃப் பண்ணுதா? வீட்டுல போய் அடிச்சுத் தொலைச்சா அப்பனுக்குத் தெரிஞ்சிருமேன்னு. அது மட்டுமா ஆஃப் பண்ணுது? எல்லாரும்ல பண்றாக! ஒருத்தர் விடாம. எனக்கும் கேக்கக் கூடாதுன்னு படிக்கு மேலயே பண்ணியிருக்காக. நான் ஒழுக்கம்னு பெருமைப்பட்டுக்கிட்டிருந்தேன். கீழ நான் அரிசி டிரம்முல ஒளிச்சு வைக்கிறேன், மேல அவங்க அமுக்கி வைக்கிறாக. நடுவுல இருக்கிற படிக்கட்டுக்கு மட்டும் வாய் இருந்தா சிரிச்சிருக்கும்.

எனக்கு அழுகையும் வருது தம்பி. சிரிப்பும் வருது. ரெண்டும் சேந்து வருது.

நாகஜோதிக்கு இடம் வேணும், வருது. அது சரி. மத்ததுக எதுக்கு வருதுக? சிக்னலுக்கு இல்லைன்னு ஆகிப்போச்சு. காப்பிக்கா இருக்குமோ? நம்ம காப்பி அப்படி ஒண்ணும் பிரமாதம் இல்ல, நீங்களே பாதிக்கு மேல குடிக்கல. பிளக் பாயிண்டுக்கா? அதுக வீட்டுலயும் கரண்ட் இருக்கு. ஆங், விசிலுக்குத்தான். வேற என்ன இருக்கு என்கிட்ட? விசில் அடிச்சா ஒரு ஒழுங்கு வருதுல்ல, அது பிள்ளைகளுக்குப் புடிச்சுப் போச்சு. அதாத்தான் இருக்கும். நீங்க என்ன, என்னையவே பாத்துச் சிரிக்கிறீங்க?

அப்ப ஒண்ணு கேக்குறேன். இந்தப் பக்கம் பூரா சிக்னல் இருக்குன்னா என் மேட்டுக்காட்டுல உங்களுக்கு என்ன வேலை?

மலைக்கு அந்தப் பக்கத்துக்கா? பெரும்பள்ளத்துக்கு? அங்க இன்னும் வரலையா? அங்கயும் காலேஜ் பிள்ளைக இருக்கா? பனைமரத்துல ஏறியா நிக்கிறாங்க? யாரும் கேக்குறது இல்லையா விழுந்து கிழுந்து வச்சா? என்ன ஊரு அது!

இதை முதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன தம்பி? வந்து உக்காந்ததுலருந்து ஒரு வார்த்தை பேசல நீங்க. உங்களுக்கு முந்தி வந்த ரெண்டு பேரும் இப்படித்தான், வாயைத் திறக்காம போயிட்டாக. படிச்சவங்க கொஞ்சம் வாயைத் திறந்து பேசணும். பாவம், அந்தப் பிள்ளைக இத்தனை நாளா உங்களாலதான மரத்துல தொங்குதுக.

குடுங்க அந்தக் காயிதத்தை. எங்க போடணும்? இங்கயா? இங்கயும் ஒண்ணா? ம். இந்தாங்க. செல்லக்கண்ணு, கண்டக்டர். ரிட்டயர்டுன்னு போடணுமா? வேண்டாம், கண்டக்டர்னே இருக்கட்டும்.

ஆனா ரெண்டு விசயம். டவர் வேலை செய்யறவங்க வகுப்பு நேரத்துல டமார் டமார்னு தட்டக் கூடாது, இடைவேளைக்கு நான் ஒரு விசில் அடிப்பேன், அப்பத் தட்டச் சொல்லுங்க. இன்னொண்ணு, கருத்தபாண்டி கண்ணுல உங்க ஆளுங்க பட்டுறக் கூடாது. கேட்டா, இது மலைக்கு அந்தப் பக்கத்துக்குன்னு சொல்லணும். அதுதான் உண்மை வேற, சொல்றதுக்கு என்ன?

கிளம்புறீங்களா? போனை ஆஃப் பண்ணிட்டீங்கள்ல? நல்லது. வாசல் தாண்டி, ரோட்டு வளைவுக்கு அந்தப் பக்கம் போய் ஆன் பண்ணுங்க. இருங்க, பிள்ளை எட்டிப் பாக்குது. பேசாம நில்லுங்க, நான் சொல்லிக்கிறேன்.

என்னம்மா நாகஜோதி?

"கீழ யாரு மாமா வந்திருக்காக?"

போன் கம்பெனிக்காரரும்மா. நம்ம ஊர்ல எங்கயாவது சிக்னல் கிடைக்குதான்னு பாக்க வந்தாரு. எங்கயுமே இல்ல, உங்க மாடியில மட்டும்தான்னு சொல்லிட்டுப் போறாரு.

"ஆமா மாமா. வேற எங்கயும் சுத்தமா இல்ல."

கேட்டீங்களா தம்பி? சுத்தமா இல்லையாம். பாத்துப் போங்க, படி வழுக்கும். எனக்கு மத்தியான வகுப்புக்கு நேரமாச்சு, ரெண்டு விசில் அடிக்கணும்.